நாஞ்சில் நாட்டு வீடுகளில் மின்சார விளக்கும் விசிறியும்

நாஞ்சில் நாட்டில் மின்சார விளக்கு எரியாத கிராமம் இன்று இல்லையென்றே கூறலாம். 1940-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசாங்கத்தாரின் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் வேலை தொடங்கிய காலத்தில் மின்சாரம் பட்டணத்துச் சௌகரியமாகவே எண்ணப்பட்டது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை இராஜ்யத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லா ஆயின. அடுத்த ஆண்டில் சென்னை மின்சார வாரியம் ஏற்பட்டது. 1970, 1971-ஆம் ஆண்டுகளில் கோதையாற்றின் இரு மின் நிலையங்கள், முறையே 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும் திறனுடையவை, இம்மலைச்சாரலிலேயே இயங்கத் தொடங்கின. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை அறியாதார் இலர். ஆயினும், மின்சாரம் உற்பத்தியாகும் இடம் அண்மையில் இருப்பதாலேயே அதன் குணம் வீட்டுக்காரருக்கு விளங்கிவிட்டதென்று எண்ணலாகாது.

வயர்மேனைக் காணும்போது கிராமத்தார் சாதாரணமாய்க் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஸ்விட்சை அணைத்த பின்னும் பல்பு மங்கலாய் மினுங்குவது ஏன்? விசிறி புதிதாய் வாங்கியபோது சுழன்ற வேகத்தில் இப்போது சுழலாதது ஏன்? புதிதாய்ப் பொருத்திய காவற்கருவி அடிக்கடி விழுந்துவிடுவது ஏன்? ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தானே பல்பைத் தொட்டான், பின் எவ்வாறு மின்சாரம் தாக்கியது? இவற்றுள் கடைசிக் கேள்வி உயிரைப் பற்றியது. ஆதலால் அதுவே இங்கு முதலில் ஆராயப்படுகிறது. ஏனையவற்றுக்கும் பெரும்பாலும் அதனிடத்திலிருந்தே விடை கிடைக்கும்.

ஸ்விட்சு எந்தக் கம்பியில்?

கம்பத்திலிருந்து சாதாரண வீட்டுக்கு வரும் கம்பிகள் இரண்டு. அவற்றுள் அழுத்தம் உடையது பேஸ் கம்பி. மற்றது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி. பேஸ் கம்பிக்கும் தரைக்கும் இடையே 230 வோல்ட்டு அழுத்தம் உண்டு. நியூட்ரல் கம்பியோ டிரான்ஸ்பார்மரின் அருகில் பூமியுடன் இணைக்கப்பட்டிருப்பதால், அதற்கும் தரைக்கும் இடையே சாதாரணமாய் அழுத்தம் மிகச் சொற்பம். வீட்டின் பக்கத்திலேயே குழி தோண்டிப் பதிக்கப்படும் எர்த் கம்பி இவ்விரண்டினின்றும் வேறானது; அதைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

விளக்கின் ஸ்விட்சு பேஸ் கம்பியில் அமைய வேண்டும் என்பது சட்டமும் வழக்கமும் ஒப்பிய விதி. ஆனால் அது நியூட்ரல் கம்பியில் அமைந்துவிட்டாலும் விளக்கு நன்றாய் எரியும், அணைக்கும்போது அணையும். ஆண்டுகள் பல கழியினும் பிழை வெளிப்படாது.

இதன் வேற்றுமையைப் பேச்சிப்பாறைத் தண்ணீரில் வேளாண்மை செய்யும் எவரும் எளிதில் உணரலாம். அனந்தனாற்றிலிருந்து பிரியும் ஒரு சிறு வாய்க்காலின் தலைமடையை அடைத்தால் வாய்க்கால் வற்றிவிடும்; அதில் இறங்கிச் சேறு வாரலாம். தலைமடையைத் திறந்தே விட்டுக் கடைமடையை மட்டும் அடைத்தாலோ, நீரோட்டம் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் வாய்க்கால் கரைதட்டி நிற்கும். எங்கே ஒரு நண்டு வளை இருப்பினும் அதன் வழியே தண்ணீர் பாயக் காத்திருக்கும். நியூட்ரலில் அமைந்த ஸ்விட்சு அத்தகைய கடைமடை. அணைத்த நிலையில் பல்பினுள்ளும், ஹோல்டரின் இரு முனைகளிலும் 230 வோல்ட்டு நிறைந்தே நிற்கிறது. நண்டு வளைக்குப் பதில் அங்கே வந்து சேருவது மனிதனுடைய கை.

எத்துணைச் சிறிய மின்னோட்டம் உயிருக்கு அபாயமாகும் என்பதை அநேகர் அறியார். ஈரமான உடலின் மின்தடை ஏறக்குறைய 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று பேஸ் கம்பியைத் தொடுவோன் உடலில் அப்போது பாயக்கூடியது 0.23 ஆம்பியர். பழைய 60 வாட்டு பல்பு ஒன்று எரிவதற்கு வேண்டுவது 0.26 ஆம்பியர். மார்பின் வழியே இதனினும் மிகக் குறைந்த ஓட்டம் சில விநாடிகள் பாய்ந்தாலும் இருதயத்தின் துடிப்பு நிலைகுலையும். இந்த 0.23 ஆம்பியர், 5 ஆம்பியர் பியூஸின் இருபதில் ஒரு பங்கினும் குறைவாதலால், மனிதன் மடிந்தாலும் பியூஸ் உருகாது. பியூஸும், அதன் இடத்தில் இன்று பொருத்தப்படும் எம்.சி.பி.யும் கம்பி சூடேறித் தீப்பற்றாதபடி காப்பதற்கு ஏற்பட்டவை. மனிதனைக் காப்பது அவற்றின் தொழிலன்று.

இவ்வபாயம் மிகுதியாய் நேரும் காலம் தைப்பொங்கலுக்கு முற்பட்ட சில நாட்களாகும். வீடு வெள்ளையடிக்கப்படுகிறது, சுண்ணாம்பு நீர் தோய்ந்த மட்டையும் தூரிகையும் ஹோல்டர்மீதும் ஸ்விட்சுப் பலகைமீதும் படுகின்றன, விசிறியின் இறக்கைகள் ஈரத்துணியால் துடைக்கப்படுகின்றன. ஸ்விட்சு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு எல்லாரும் திருப்தியடைகின்றனர். மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டு வேலை செய்வோர் சிலரே. பகற்பொழுதில் செய்யும் இவ்வேலைக்கு வீட்டில் மின்சாரம் வேண்டுவதில்லையாதலால், அணைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

பிழை எவ்வாறு நேருகிறது? பழைய ஓட்டு வீடுகளில் தேக்குப் பட்டியின்மீது ஒரே நிறமுள்ள இரு கம்பிகளை ஓட்டினர். எது எதுவென்று அடையாளமில்லை. பின்னர் வந்தவர் ஓர் அறையைக் கூட்டிக் கட்டும்போது கைக்குக் கிட்டிய கம்பியில் ஸ்விட்சைச் சேர்த்தார். நம் நாட்டு வழக்கப்படி பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்பனவும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் உரியவை. மிச்சப்பட்ட கம்பியை வீணாக்கக் கூடாதென்னும் எண்ணத்தால் இம்முறை பல இடங்களில் மீறப்படுகிறது. கம்பிச் சுருள் ஒன்றின் விலை அதிகந்தான். எனினும் இச்சிக்கனம் ஏற்கத்தக்கதன்று.

மற்றொரு காரணம் வீட்டுக்கு வெளியே உள்ளது. கம்பத்திலோ மீட்டர் அருகிலோ சர்வீஸ் கம்பியை அவிழ்த்து மறுபடி இணைக்கும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், உள்ளே யாதொரு பிழையும் இல்லாத வீட்டிலும் அன்று முதல் எல்லா ஸ்விட்சுகளும் நியூட்ரலில் நிற்கும். ஆகையால் புயலுக்குப் பின்னும், மீட்டர் மாற்றிய பின்னும், இன்வெர்ட்டர் பொருத்திய பின்னும் ஒரு முறை சோதித்துக் கொள்ளுதல் அவசியம்.

சோதனை எளியது, ஆயினும் தகுதிச் சான்று பெற்ற வயர்மேனே அதைச் செய்யத்தக்கவர். ஸ்விட்சை அணைத்துப் பல்பைக் கழற்றியபின் ஹோல்டரின் இரு முனைகளையும் டெஸ்டரால் தொட்டுப் பார்ப்பார். இரண்டிலும் டெஸ்டர் விளக்கு எரியாவிடில் ஸ்விட்சு சரியான இடத்தில் உள்ளது. ஒன்றில் எரிந்தால் ஸ்விட்சு நியூட்ரலில் இருக்கிறது. டெஸ்டர் பழுதாயிருந்தாலும் எரியாதாகையால், சோதனைக்கு முன்னும் பின்னும் அதை மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் தொட்டுப் பார்த்துக் கொள்வது நல்ல வயர்மேனின் பழக்கம்.

மாடிப்படி விளக்கு

படியின் கீழே ஒரு ஸ்விட்சும் மேலே ஒரு ஸ்விட்சும் வைத்து, எதனாலும் ஏற்றவும் அணைக்கவும் கூடிய விளக்கு மிகவும் சௌகரியமானது. தட்டுக்கு ஏறும் இருண்ட மரப்படிகளை உடைய பழைய வீடுகளில் வயது முதிர்ந்தோர் விழாமல் இருப்பதற்கு இது பேருதவி. இதற்கு இருவழி ஸ்விட்சு என்று பெயர். சரியான முறையில், பேஸ் கம்பி கீழ் ஸ்விட்சின் நடுமுனைக்கு வரும். இரண்டு ஸ்விட்சுகளுக்கும் இடையே இரு கம்பிகள் ஓடும். மேல் ஸ்விட்சின் நடுமுனையிலிருந்து விளக்குக்கு ஒரு கம்பி செல்லும். விளக்கின் மறுமுனை நேரே நியூட்ரலைச் சேரும்.

கம்பியை மிச்சப்படுத்தக் கருதி வேறொரு முறையும் சில பழைய வீடுகளில் கையாளப்பட்டுள்ளது. அதில் ஒவ்வொரு ஸ்விட்சின் பக்கத்து முனைகளுக்கும் பேஸும் நியூட்ரலும் இரண்டுமே கொண்டு வரப்படும். நடுமுனைகள் இரண்டுக்கும் இடையில் விளக்கு நிற்கும். ஒரு ஸ்விட்சு பேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் விளக்கு எரியும். இரண்டும் நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணையும், அப்போது அபாயமில்லை. இரண்டும் பேஸில் இருந்தாலும் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரின் இரு முனைகளும் முழு அழுத்தத்தில் நிற்கும். அணைந்த நிலை இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

இங்கே ஒரு விசேஷம் கவனிக்கற்பாலது. மேற்கூறிய டெஸ்டர் சோதனையை இவ்விளக்கில் ஒரு முறை மட்டும் செய்தால், தற்செயலாய் ஸ்விட்சுகள் நியூட்ரலில் இருந்து, எல்லாம் சரியென்ற முடிவு ஏற்படக்கூடும். ஆகவே மாடிப்படி விளக்கைக் கீழ் ஸ்விட்சால் ஒரு முறையும், அதன்பின் இரு ஸ்விட்சுகளையும் மாற்றி மறுமுறையும் அணைத்துச் சோதிக்க வேண்டும். மேலும், இம்முறையில் ஒரே சிறிய ஸ்விட்சினுள் பேஸும் நியூட்ரலும் அரை விரற்கடைத் தூரத்தில் நிற்பதால், முனை தேய்ந்தாலோ எறும்பு கூடு வைத்தாலோ உள்ளேயே இரண்டும் தொட்டு வெடித்துவிடும். இத்தகைய அமைப்பைக் கண்டால் பழுது பார்க்க முயலாமல் முழுவதையும் மாற்றிவிடுதலே தக்கது.

அணைத்த பின்னும் மினுங்கும் விளக்கு

எல்.இ.டி. பல்பு பரவிய பின்னரே இக்கேள்வி எழுந்தது. பழைய இழை பல்புகள் ஒளிர்வதற்குப் பெரிய ஓட்டம் வேண்டும், எல்.இ.டி.க்கோ மிக நுண்ணிய ஓட்டமே போதும். ஸ்விட்சு நியூட்ரலில் இருந்தால், அணைத்த பின்னும் பல்பில் அழுத்தம் நிற்பதால், சுவரின் ஈரம் முதலிய வழியாய்ச் சிறிது கசிந்து பல்பு மங்கலாய் மினுங்கலாம். எனவே இம்மினுக்கத்தை அச்சத்துக்குரியதாயன்றி உபகாரமான அறிவிப்பாய்க் கொள்வது நன்று.

ஆனால் எல்லா மினுக்கமும் இதனால் உண்டாவதன்று. இருட்டில் தெரியும்படி சிறிய செவ்விளக்கு பதித்த ஸ்விட்சுகளில், அச்சிறு விளக்கின் வழியே செல்லும் ஓட்டமே எல்.இ.டி.யை மினுக்கச் செய்யும். நெடுந்தூரம் இணைந்தோடும் இருவழி ஸ்விட்சுக் கம்பிகளிலும் இவ்வாறு நேரலாம். இவை அபாயமற்றவை. எது காரணமென்று சோதித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

விசிறி

மின்சார விசிறியின் மோட்டாருக்குள் இரு சுருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றின் ஓட்டத்தை முன்பின்னாக மாற்றிச் சுழற்சியை உண்டாக்குவது கண்டென்சர் என்னும் சிறு டப்பா. சாதாரண விசிறிகளில் அதன் அளவு 2.5 மைக்ரோ பாரட் என்று மேலே பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது வலுவிழக்கும்; விசிறியும் மந்தமாகும். கையால் தள்ளிவிட்டால்தான் சுழலத் தொடங்கும் விசிறியில் பெரும்பாலும் பழுதானது இந்தக் கண்டென்சரே. இதை மாற்ற ஆகும் செலவு சிறிது; அளவு மட்டும் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். மாலை வேளையில் விசிறியோடு விளக்குகளும் சேர்ந்து மங்கினால் குற்றம் விசிறியிலன்று, வரும் மின்னழுத்தத்தில்தான். ஆடி மாதக் காற்றில் கணவாயை ஒட்டிய ஊர்களில் மண்தூசி மிகுதியாய்ப் படிவதால், பேரிங்கு இறுகிப்போவதும் உண்டு.

ரெகுலேட்டரைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் நெடுங்காலமாய் நிலவுகிறது. விசிறியை மெதுவாய் ஓட்டினால் மின்சாரம் அதே அளவில் மிச்சமாகும் என்பர். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் கம்பிச் சுருளே வேகத்தைக் குறைக்கிறது. விசிறிக்குச் செல்லாத மின்சாரத்தில் ஒரு பகுதி அச்சுருளில் வெப்பமாய் வீணாகிறது. அதைத் தொட்டால் சுடுவது இதனாலேயே. இன்றைய சிறு ரெகுலேட்டர்களில் இவ்விழப்பு மிகக் குறைவு.

பழைய விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட்டு கொள்ளும். காந்தம் பதித்த புதுவகை பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட்டு அளவே போதும். நாளொன்றுக்குப் 10 மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால், முன்னது 45 யூனிட்டும் பின்னது 18 யூனிட்டும் செலவாக்கும். மூன்று பழைய விசிறிகள் ஓடும் வீட்டில் அவை மட்டுமே 135 யூனிட்டை எட்டிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் வரை கட்டணமில்லை என்பதை நினைக்குங்கால், விசிறியை மாற்றுவதில் உள்ள ஆதாயம் சிறு குடும்பத்தாருக்கு நன்கு விளங்கும். புதுவகை விசிறியைப் பழைய ரெகுலேட்டருடன் இணைக்கலாகாது. அதற்கு வேகம் மாற்றும் கருவி உடனேயே தரப்படுகிறது.

விசிறியைத் தொங்கவிடுவதில் கவனக்குறைவு கூடாது. கொக்கி கான்கிரீட்டில் பதிந்ததாயோ, ஓட்டு வீடாயின் வைரம் பாய்ந்த உத்திரத்தில் முடுக்கியதாயோ இருத்தல் வேண்டும். செல்லரித்த கைமரத்தில் மாட்டுதல் தகாது. இறக்கை தரையிலிருந்து எட்டடிக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். கொக்கியிலுள்ள ரப்பர் உருளையையும், தண்டின் ஆணி கழன்று விழாதபடி மாட்டிய பிளவு ஊசியையும் ஆண்டுக்கு ஒரு முறை ஏணி வைத்துப் பார்க்க வேண்டும்.

எர்த் கம்பி

விசிறியின் சுருளில் மேற்பூச்சுத் தேய்ந்து கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிட்டால், உடல் முழுவதும் 230 வோல்ட்டு ஏறிவிடும். விசிறி எட்டாத உயரத்தில் இருப்பதால் துடைக்கும் நாள் வரை அது தெரியாது. மேசை விசிறி, மாவரைக்கும் யந்திரம், அடுக்களையிலும் அங்கணத்திலும் நனைந்த கையால் தொடப்படும் பிற கருவிகள் ஆகியவற்றில் உடனே தெரிந்துவிடும். தெரியும் விதம் கொடியது. இரும்பு உடலோடு எர்த் கம்பி இணைந்திருந்தால், கசிந்த மின்சாரம் மனிதன் வழியை விட்டு அக்கம்பி வழியே பூமியில் இறங்கும். மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் நீண்டு பருத்திருப்பது இதற்காகவே. செருகும்போது அது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விலகவும் வேண்டும் என்பது கருத்து. அந்த முள்ளை ஒடித்து இரு துளைகளில் திணிப்பவர் செய்வது என்னவென்று இனி விவரிக்க வேண்டுவதில்லை.

எர்த் குழி போட்டுவிட்டால் மட்டும் போதுமா? மண்ணைப் பொறுத்தது அது. நாஞ்சில் வயல்களை ஒட்டிய களிமண்ணில் ஈரம் நிற்பதால் எர்த் நன்றாய் வேலை செய்யும். முட்டம், மணக்குடி, இராஜாக்கமங்கலம் முதலிய கடலோர ஊர்களின் மணலிலும், மேட்டு நிலத்துச் சரளையிலும் கோடையில் ஈரம் வற்றிவிடும். அங்கு எர்த்தின் தடை 50 ஓம் ஆக உயர்ந்துவிட்டதென்று வைத்துக்கொண்டால், கசிவின்போது பாயும் ஓட்டம் 4.6 ஆம்பியரே. 5 ஆம்பியர் பியூஸ்கூட அதற்கு உருகாது. மாற்றிக் கட்டும் பியூஸ் கம்பி தன் அளவின் ஏறக்குறைய இரு மடங்கு ஓட்டத்திலேதான் உருகும். இரும்பு உடல் அபாயநிலையிலேயே நிற்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்றுவது இதற்காகவே. உப்புக் காற்று வீசும் ஊர்களில் குழாயும் இணைப்பும் துருவேறி அறுந்துபோயிருத்தல் சகஜமாதலால், மேலே தெரியும் கம்பியை மட்டும் கண்டு மகிழாமல் இணைப்பைத் திறந்து பார்ப்பது நன்று.

எர்த் குழி போடும் செலவுக்கு அஞ்சிப் பிளக்கின் எர்த் துளையை அருகிலுள்ள நியூட்ரலோடு முடிந்துவிடும் வழக்கமும் உண்டு. இது மிகக் கொடிய தவறு. அவ்வீட்டின் நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் அல்லது இணைப்புத் தளர்ந்தால், அக்கணமே எல்லாக் கருவிகளின் இரும்பு உடலிலும் முழு அழுத்தம் ஏறும். எர்த்தே இல்லாதிருப்பதைக் காட்டிலும் இது மோசமானது.

பழைய வீட்டில் புதிய காவற்கருவி

மேற்கூறிய அபாயங்களுக்குப் பெரும்பாலும் பரிகாரமாய் அமைந்திருப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கசிவுத் துண்டிப்பான். பேஸில் சென்ற ஓட்டமும் நியூட்ரலில் திரும்பிய ஓட்டமும் சமமாயுள்ளனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக் கொண்டேயிருக்கிறது. சென்றதில் 30 மில்லி ஆம்பியர் அளவு திரும்பவில்லையெனில், அது எங்கோ ஓர் உடலின் வழியே பூமிக்குப் போகிறதென்று கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்துள் மின்சாரத்தைத் துண்டிக்கும். எர்த் சரியாயில்லாத வீட்டிலும் மனித உயிரைக் காக்கவல்ல கருவி இதுவே. பேஸையும் நியூட்ரலையும் இரு கைகளால் ஒருங்கே பற்றுவோனை மட்டும் இது காப்பாற்ற இயலாது. அவன் இதன் கண்ணுக்கு ஒரு பல்பைப் போலவே தோன்றுவான்.

பழைய வீட்டில் இதைப் பொருத்திய மறுநாளே, கருவி அடிக்கடி விழுகிறதென்று முறையீடு எழும். கடைக்காரர் பழுதான சரக்கைத் தந்துவிட்டார் என்று பலர் கருதிக் கருவியைக் கழற்றிவிடுகின்றனர். உண்மையில் கருவி தன் வேலையைச் செய்கிறது. கீழ்வீட்டுப் பேஸிலிருந்து விளக்கை எடுத்து மேல்வீட்டு நியூட்ரலோடு சேர்த்த இடம், எர்த்தை நியூட்ரலோடு முடிந்த பிளக்கு, ஈரச்சுவரில் உறை கிழிந்த கம்பி ஆகிய யாவும் அதற்குக் கசிவாகவே தோன்றும். ஒவ்வொரு கிளையையும் ஒவ்வொன்றாய்ப் பிரித்துச் சேர்த்துப் பார்த்தால் எந்தக் கிளையில் விழுகிறதென்று அரை நாளில் தெரிந்துவிடும். அக்கிளையைச் செப்பனிடும் செலவு கருவியின் விலையைவிட மிகுதியாகலாம். அதற்குத் தயங்குவோர், அக்கிளையில் மின்சாரமே இல்லாமல் வைத்திருப்பது உத்தமம். கருவியின்மீது சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் உண்டு. மாதம் ஒரு முறை அதை அழுத்தி, துண்டிக்கிறதா என்று வீட்டுக்காரரே பார்க்கலாம்.

காற்றும் மழையும்

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் இந்த ஜில்லாவைக் கடந்து சென்றபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்துணைப் பெரும்புயல் அரிது. ஆனால் தென்னை மட்டையொன்று கம்பிமேல் விழுதல் ஆண்டுதோறும் நேருவது. அதனால் தெருவின் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்துவிட்டால் ஒரு விசித்திரம் நிகழும். சில வீடுகளில் விளக்கு மங்கிவிடும். சில வீடுகளில் கண்கூசும்படி ஒளிரும், விசிறி பேய்போல் சுழலும். தெருவில் மூன்று பேஸ்கள் பல வீடுகளுக்குப் பிரிந்து செல்கின்றன. திரும்பும் வழி அறுந்தபின் ஒரு வீட்டுக்குரிய அழுத்தத்தை மற்றொரு வீடு இழுத்துக்கொள்ள, சில வீடுகளுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம் வந்துவிடுகிறது. அவ்வேளையில் காரணம் ஆராய்ந்து நிற்காமல் மெயின் ஸ்விட்சை உடனே அணைத்து, அண்டை வீட்டாருக்கும் சொல்லி, மின்வாரியத்தின் மின்னகம் 9498794987 என்னும் எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பி எதுவாயினும், அது மின்சாரம் உள்ளதென்றே கொண்டு எட்ட நிற்றல் வேண்டும்.

கோயில் கொடைக்கும் கலியாணப் பந்தலுக்கும் போடப்படும் தற்காலிக விளக்குகளில் மேற்கூறிய பிழைகள் யாவும் ஒருங்கே காணப்படும்: வெட்டிச் சேர்த்த கம்பிகள், பச்சை மரத்தில் கட்டிய டியூப் லைட்டுகள், துத்தநாகத் தகரக் கூரையை உரசும் சீரியல் பல்புகள். இவற்றுக்கு மின்சாரம் எடுக்கும் இடத்தில் ஒரு கசிவுத் துண்டிப்பானை வைத்துவிட்டால் பந்தல்காரருக்கு நேரும் தொந்தரவு சொற்பம். இதை விழாக் குழுவார் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறலாம்.

மின்சாரம் தாக்கி ஒருவர் கம்பியைப் பற்றியபடி கிடப்பாராயின், அவரைத் தொடுவோரும் அதே கதியடைவர். முதலில் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். அது எட்டாவிடில் உலர்ந்த மரப்பலகைமேல் நின்று, உலர்ந்த கம்பால் கம்பியை விலக்க வேண்டும். தெருக்கம்பியாயின் இதையும் செய்யலாகாது, மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை எவரும் அணுகக் கூடாது. விடுபட்டவருக்கு மூச்சு இல்லையெனில், 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டேயிருக்க வேண்டும். மெயின் ஸ்விட்சு எங்கே உள்ளதென்பது வீட்டுப் பெண்டிருக்கும் பத்து வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன் நெற்குதிரையோ அலமாரியோ நிற்கலாகாது. எந்தப் பிடி எந்த அறைக்குரியது என்பதைத் தமிழில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டி வைத்தல் நன்று.